வெண்ணெய்ப்பழம்: வந்த வழியும் தரும் பலனும்

பட்டர் ஃப்ரூட் என்றதும் பலருக்கும் ஜூஸ் கடைதான் நினைவுக்கு வரும். தமிழில் வெண்ணெய்ப்பழம் என்கிறோம். ஆங்கிலத்தில் அவகாடோ. இதயத்துக்கு நல்லது, கெட்ட கொழுப்பைக் குறைக்கும், சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம் என்று இந்தப் பழத்தைப் புகழாத பத்திரிகை இன்று இல்லை. ஆனால் இதே பழத்தைக் "கொழுப்பு" என்று சொல்லி ஒதுக்கிய காலமும் ஒன்று இருந்தது. பழம் அப்படியேதான் இருக்கிறது. பிறகு எது மாறியது? அதற்குக் கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

ஆனை எப்படி வந்தது?

இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இதைச் சாப்பிட்டு வருகிறார்கள். பட்டையும் பிரிஞ்சி இலையும் தருகிற மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம்.

ஐரோப்பியர்கள் இதைப் பற்றி எழுதியது 1519இல். மார்ட்டின் ஃபெர்னாண்டஸ் தே என்சிசோ என்ற ஸ்பானியர், இன்றைய கொலம்பியாவில் உள்ள சாந்தா மார்த்தா பகுதியில் பார்த்த பழத்தைத் தன் புவியியல் நூலில் குறிப்பிட்டார். உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அன்றே எழுதிவிட்டார்! ஆக, வெண்ணெய்ப்பழம் என்று நாம் சொல்வதற்கு 500 வருடப் பொருத்தம் இருக்கிறது.

அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் இதன் பெயர் "அஹுவாகாட்டில்". ஸ்பானியர் வாயில் அது "அகுவாகாட்டே" ஆனது. ஆங்கிலேயர் வாயில் ஒரு பக்கம் "அவகாடோ" என்றும் இன்னொரு பக்கம் "அலிகேட்டர் பேர்" என்றும் ஆனது. அதாவது முதலைப் பேரிக்காய்! இலங்கைக்கு வந்தபோது சிங்களத்தில் "அலிகட்ட பேர" என்றார்கள், பேச்சில் "அலிபேர". சிங்களத்தில் அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. அதை அப்படியே ஈழத் தமிழில் பெயர்த்தால் என்ன வரும்? ஆனைக்கொய்யா! இலங்கைத் தமிழர்கள் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள். மெக்சிகோவில் கிளம்பி, முதலையாகி, இலங்கையில் யானையாகிவிட்டது. தலை சுற்றுகிறதா? சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

பழனி மலையில்...

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்துதான் இது இந்தியாவுக்கு வந்தது. பிறகு நீலகிரி, குடகு, வயநாடு, சிக்கிம் என்று பரவியது. நமக்கு மிக அருகில் விளைவது கீழ்ப்பழனி மலையில். உசிலம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போய், அங்கிருந்து மலையேறினால் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஊர்கள். காபித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் மரங்களோடு இதுவும் ஒன்றாக நிற்கும். காபிதான் பிரதானம், மிளகு அடுத்தது, பட்டர் ஃப்ரூட் உபரி வருமானம்.

அந்த மலையின் விவசாய வரலாறு கொஞ்சம் சோகமானது. ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுக்கும் மலை வாழைக்கும் பெயர் பெற்றிருந்தது. ஆரஞ்சுத் தோட்டங்கள் நோயால் அழிந்தன. மலை வாழையை முடிக்கொத்து நோய் தாக்கியது. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை அங்குள்ள விவசாயிகள் பட்டே தெரிந்துகொண்டார்கள். தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. "டி.கே.டி. 1" என்ற வெண்ணெய்ப்பழ ரகம் அங்கே தேர்வு செய்யப்பட்டதுதான்.

இந்தப் பழத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. முற்றிய காயைப் பறித்து வைத்தால்தான் சில நாளில் கனியும். வியாபாரிக்கு இது பெரிய வசதி. காயாகவே வண்டி ஏற்றி எங்கும் அனுப்பலாம்.

கொழுப்பு கெட்டவன் ஆன காலம்

100 கிராம் சதையில் ஏறக்குறைய 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 7 கிராம் நார்ச்சத்து, 485 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சர்க்கரை 1 கிராம்கூட இல்லை. பழங்களில் இவ்வளவு கொழுப்பு இருப்பது அபூர்வம். அதுவே இதற்கு வினையானது.

1980இல் அமெரிக்க அரசு முதன்முதலாக வெளியிட்ட உணவு வழிகாட்டியில், அதிகக் கொழுப்பைத் தவிருங்கள் என்று சொன்னது. கொழுப்பு இல்லாத பிஸ்கட், கொழுப்பு இல்லாத தயிர் என்று சந்தையே மாறியது. 15 கிராம் கொழுப்புள்ள பழத்தை யார் வாங்குவார்கள்? 1982இல் கலிஃபோர்னியா விவசாயிகளின் அமைப்பு, ஆஞ்சி டிக்கின்சன் என்ற நடிகையை வைத்து, இதைச் சாப்பிட்டால் உடம்பு பருக்காது என்று விளம்பரம் செய்ய வேண்டி வந்தது.

பிறகுதான் கொழுப்பில் எல்லாம் ஒன்றல்ல என்ற விஷயம் மெல்ல மக்களிடம் போய்ச் சேர்ந்தது. வெண்ணெய்ப்பழக் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒலீயிக் அமில வகை. ஆலிவ் எண்ணெயில் இருப்பதும் இதுதான். நெய், வனஸ்பதிக்குப் பதிலாக இந்த வகைக் கொழுப்பைச் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது. 2015–2020க்கான அமெரிக்க வழிகாட்டியின் முக்கியப் பரிந்துரைகளில் மொத்தக் கொழுப்புக்கு உச்சவரம்பு சொல்லப்படவில்லை. நிறைவுற்ற கொழுப்புக்கு மட்டும் வரம்பு இருந்தது. கெட்டவன் நல்லவனாகிவிட்டான்!

ஆராய்ச்சி யார் செலவில்?

2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைச் சுமார் 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் இரண்டு முறையாவது (ஒரு முறைக்கு அரைப் பழம்) சாப்பிட்டவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் 16 சதவீதம் குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம். எனவே பலன் முழுவதும் பழத்தாலேயே வந்தது என்று சொல்லிவிட முடியாது.

அதே 2022இல் இன்னொரு சோதனை வெளியானது. சுமார் ஆயிரம் பேரில் ஒரு பாதியினரை ஆறு மாதம் தினமும் ஒரு பழம் சாப்பிடச் செய்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் குறைந்தது. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் ஹாஸ் அவகாடோ வாரியம். அங்கே விற்கும் ஹாஸ் ரகப் பழங்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று வசூலித்து, விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிடும் அமைப்பு அது. நம் நாட்டில் முட்டைக்கு விலை சொல்லி விளம்பரமும் செய்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை நினைத்துக்கொண்டால் புரியும்.

இதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. தனக்குச் சாதகமில்லாத முடிவும் அந்தச் சோதனையில் வெளிவந்திருக்கிறது. ஆனால் வணிகவியல் படிக்கிற எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. வாரியம் உள்ள பழத்துக்கு ஆராய்ச்சி வருகிறது, செய்தி வருகிறது, விலையும் ஏறுகிறது. நம் ஊர் மானாவாரிக் காட்டில் விளையும் கடலைக்கு யார் பேசுவது?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு கைப்பிடி நிலக்கடலை (30 கிராம்) எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 170 கலோரி, 15 கிராம் கொழுப்பு. அதாவது 100 கிராம் வெண்ணெய்ப்பழத்தில் உள்ள அதே அளவு. அந்தக் கொழுப்பிலும் பாதி அதே நல்ல வகைதான். புரதம் பழத்தில் 2 கிராம், கடலையில் 7 கிராமுக்கு மேல். நார்ச்சத்திலும் பொட்டாசியத்திலும் பழம் ஜெயிக்கிறது. அதைச் சரிக்கட்ட 100 கிராம் கொய்யாவைச் சேர்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து நார்ச்சத்து 8 கிராம், பொட்டாசியம் 600 மில்லிகிராமைத் தாண்டும். கொய்யாவின் வைட்டமின் சி வேறு இருக்கிறது. கலோரி மட்டும் 80 போலக் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், கடலையும் கொய்யாவும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்! மணிலாக்கொட்டை என்ற பழைய பெயரில் கடலையின் பயணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் வந்தவர்கள் நம் வீட்டுக்காரர்கள் ஆகி, மலிவாகி, மரியாதையும் குறைந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவருக்குத்தான் இப்போது மாலை.

எப்படிச் சாப்பிடலாம்?

கிடைத்தால், கட்டுப்படியானால், தாராளமாக வெண்ணெய்ப்பழம் சாப்பிடுங்கள். ஜூஸ் கடையில் பாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையும் போட்டு அடித்தால், சர்க்கரையே இல்லாத பழம் என்ற பெருமை போய்விடும். வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துப் பிசைந்து சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். தக்காளி, கேரட்டில் உள்ள நிறமிச் சத்துகளை உடம்பு நன்றாக உறிஞ்ச இந்தக் கொழுப்பு உதவுகிறது. ஒரு வேளைக்கு அரைப் பழம் போதும். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

வாங்கும்போது மலைப் பழமா என்று கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சையும் வாழையையும் இழந்த விவசாயிக்கு அந்தக் காசு போகட்டும். வாங்க வசதி இல்லாதவர்கள் ஆரோக்கியமே கைக்கு எட்டவில்லை என்று வருந்தத் தேவையில்லை. அவித்த கடலையும் ஒரு கொய்யாவும் அந்த வேலையைச் செய்துவிடும்.