பட்டேவியா (இல்லினாய்)

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோவுக்கு மேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், ஃபாக்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த புறநகர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 26,098. 1833இல் குடியேற்றம் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்துப் பட்டேவியாவின் பெயரையே இவ்வூருக்கும் வைத்தார்கள்.

ஆற்றோரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது காற்றாலைத் தொழில். புல்வெளிப் பண்ணைகளில் கிணற்று நீர் இறைக்கும் காற்றாலைகளை இங்கே பல தொழிற்சாலைகள் செய்து அனுப்பின. ‘காற்றாலை நகர்’ என்ற பட்டம் இன்றும் நிலைத்திருக்கிறது. பண்ணைகளுக்கு மின்சாரம் வந்ததும் அந்தத் தொழில் நலிந்தது. பழைய காற்றாலைகள் சில ஆற்றங்கரையில் காட்சிக்கு நிற்கின்றன.

அமெரிக்க அதிபராக இருந்த ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி டாட் 1875இல் சில மாதங்கள் இங்குள்ள மனநல விடுதியொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தார்.

நகரை ஒட்டிய விளைநிலங்களில் 1967இல் நிறுவப்பட்ட துகள் இயற்பியல் ஆய்வகம் பின்னர் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரைப் பெற்றது. அடிப்படைத் துகள்களான அடிக்குவார்க் 1977இலும் உச்சிக்குவார்க் 1995இலும் இங்கேதான் கண்டறியப்பட்டன. சுமார் 6.3 கி.மீ. சுற்றளவுள்ள டெவட்ரான் துகள் முடுக்கி 2011இல் நிறுத்தப்பட்டது. நியூட்ரினோ ஆய்வுகள் தொடர்கின்றன. முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் 1969இல் கொண்டுவந்த பைசன் எருமைகளின் மந்தை ஆய்வக வளாகத்தில் இன்றும் மேய்கிறது.