இரும்புத் தட்டில் வரும் இறைச்சி: ஜப்பானிய ஸ்டேக்கின் வரலாறும் நம் பிள்ளைகளின் கேள்வியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், ஒரகடத்தைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் ஜப்பானிய நிறுவனங்கள் வேரூன்றிவிட்டன. தொழிற்பயிற்சிக்காக நம் இளைஞர்களை ஜப்பானுக்கு அனுப்பும் உடன்படிக்கை 2017 அக்டோபரிலும், திறன்பெற்ற தொழிலாளர்களுக்கான உடன்படிக்கை 2021 ஜனவரியிலும் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தாயின. இவ்வழியே கடல் கடக்க எண்ணும் பிள்ளைகள் மார்க்கம் அறிந்தோரிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "ஹஸ்ரத், அங்கே குறைந்த விலையில் சட்டென்று கிடைக்கும் ஸ்டேக் கடைகளில் உண்ணலாமா?"

'கூடும்', 'கூடாது' என ஒரே சொல்லில் முடித்துவிடும் கேள்வியன்று இது. அந்த இறைச்சி அந்தத் தட்டுக்கு வந்த வழியை அறிந்தால்தான் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

நமது கரைக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு கார் ஆலைகளோடு தொடங்கியதன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி நிற்கும் சதுரங்கப்பட்டினத்தின் கோட்டை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. மெல்லிய துணிகளுக்குப் பெயர்பெற்ற துறைமுகம் அது. அதே கம்பெனிதான் 1641 முதல் நாகசாகியின் டெஷிமா என்னும் சிறு தீவில் இருந்துகொண்டு ஜப்பானுடன் வாணிகம் செய்தது. சோழமண்டலக் கரையின் துணிகள் அவ்வழியே ஜப்பானை அடைந்தன. அங்கே கோடு போட்ட பருத்தித் துணிக்கு வழங்கிய 'சந்தோமே' என்ற பெயர், நமது மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமிலிருந்து சென்றதே.

டெஷிமாவில் டச்சுக்காரர்கள் மாடு அறுத்து உண்டதை ஜப்பானியர் வியப்போடு பார்த்து ஓவியங்களாகவும் தீட்டினர். அந்த வியப்புக்குக் காரணம் உண்டு. கி.பி. 675இல் பேரரசர் டென்மு, பௌத்தத்தின் செல்வாக்கால், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்கு ஆண்டின் சில மாதங்களில் தடை விதித்தார். பிற்காலத்திலும் இத்தகைய ஆணைகள் தொடர்ந்தன. உழவுக்கு உதவும் மாட்டைக் கொல்வது அருவருப்பான செயலாகவே கருதப்பட்டது. தடை முழுமையாகப் பேணப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஹிகோனே சிற்றரசினர் மாட்டிறைச்சியை மிசோவில் ஊறவைத்து, 'மருந்து' என்ற பெயரில் ஷோகனுக்கு அனுப்பி வந்தனர். விலக்கப்பட்டதை வேறு பெயரிட்டு உண்ணும் பழக்கம் மனித குலத்தில் புதிதன்று.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. மேலை நாட்டாரின் வலிமைக்கு அவர்களுடைய உணவே காரணம் என்று அறிஞர் சிலர் எழுதினர். 1872 ஜனவரியில் பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. அடுத்த மாதமே, இதை எதிர்த்து அரண்மனைக்குள் நுழைய முயன்ற மலைத்துறவியர் சிலர் உயிரிழந்தனர். பன்னிரு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஒரு விலக்கு, ஒரு தலைமுறைக்குள் நாகரிகத்தின் அடையாளமாக உருமாறியது. வழக்கத்தையும் அரசாணையையும் மட்டுமே நம்பி நிற்கும் விலக்குகள் காலம் மாறும்போது கரைந்துபோகும் என்பதற்கு இது நல்ல சான்று.

இறைச்சிக்குப் புகழ்பெற்ற கோபே நகரம் நமக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935இல் அங்கேதான் திறக்கப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தோரில் இந்திய முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாண்டி அது இன்றும் நிற்கிறது. அதே நகரத்தில், அதே 1945இல், மிசோனோ என்ற உணவகம் பரந்த இரும்புத் தகட்டின்மேல் வாடிக்கையாளர் கண்முன்னே இறைச்சி சமைக்கும் 'டெப்பன்யாகி' முறையைத் தொடங்கியது. ஆனால் அது செல்வர்களின் உணவு.

எளியோருக்கான மாட்டிறைச்சி வேறு பாதையில் வந்தது. 1899இல் டோக்கியோவின் மீன் சந்தையில், வேலையாட்கள் அவசரமாக உண்டு செல்வதற்காக, சோற்றின்மேல் மாட்டிறைச்சி இட்டுத் தரும் யோஷினோயா கடை தோன்றியது. ஸ்டேக் அந்த விலைக்கு இறங்கி வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1991இல் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு வைத்திருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அமெரிக்க, ஆஸ்திரேலிய இறைச்சி மலிவாகப் பெருகியது. 1994இல் குனியோ இச்சினோசே என்ற சமையற்காரர் 'பெப்பர் லஞ்ச்' கடையைத் தொடங்கினார். மின்காந்த அடுப்பில் 260 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிய இரும்புத் தட்டில் பச்சை இறைச்சியையும் சோற்றையும் மிளகையும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். உண்பவரே கிளறி வேகவைத்துக்கொள்வார். தேர்ந்த சமையற்காரருக்குக் கூலி தர வேண்டியதில்லை, காத்திருப்பும் இல்லை. 2013இல் அவரே தொடங்கிய 'இகினாரி ஸ்டேக்' கடையில் நாற்காலியும் நீங்கியது. இறைச்சியை கிராம் கணக்கில் வெட்டி வாங்கி, நின்றபடியே உண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை குறையக் குறைய, உணவுக்கும் உண்பவருக்கும் இடையே இருந்த மனிதர்கள் ஒவ்வொருவராகக் கண்ணிலிருந்து மறைந்தனர். நம் ஊரில் கறிக்கடை பாயை நாம் அறிவோம். அறுத்தவர் யார் என்றும் அறிவோம். அங்கே அறுத்தவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், சமைப்பவரோ நாமே. மறைந்த மனிதர்களின் இடத்தை நமது விசாரிப்பு நிரப்பியாக வேண்டும்.

முதலில் அறுப்பு. தாமாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கப்பட்டது ஆகியவற்றைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் விலக்குகிறது. வேதம் அருளப்பட்டோரின் உணவை அனுமதிக்கிறது. ஜப்பானிய அறுவைக்கூடங்களில் அறுப்போர் பெரும்பாலும் அவ்வகையினர் அல்லர். இறக்குமதி இறைச்சியைப் பொறுத்தவரை, அந்நாடுகளின் அறுப்பு முறை நிபந்தனைகளை நிறைவு செய்கிறதா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. "பிஸ்மி சொல்லி உண்டால் போதும்" என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு, புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவந்த இறைச்சியைப் பற்றியது. அறுத்தவர் முஸ்லிம் என்று தெரிந்த இடத்தில் வீண் ஐயம் வேண்டாம் என்பதே அதன் பாடம். எவர் அறுத்தாலும் ஆகும் என்பதன்று.

அடுத்து தட்டு. வேதக்காரர்களின் பாத்திரங்களில் உண்ணலாமா என்று அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைத்தால் அதில் உண்ணுமாறும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இத்தகைய கடைகள் பலவற்றில் ஒரே அடுக்களையில் பன்றி இறைச்சியும் புழங்குகிறது. 'ஹம்பர்க்' எனப்படும் கொத்திறைச்சி வடையில் மாட்டையும் பன்றியையும் கலப்பது அங்கே சாதாரணம். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் வழக்கமான முறையில் கழுவித் தூய்மையாக்குவது போதும். எனவே மீன் கேட்டு வாங்கினாலும் தட்டைப் பற்றிய கேள்வி மிஞ்சும். மூன்றாவது, குழம்பு. இனிப்புக்காகச் சேர்க்கும் 'மிரின்' என்பது அரிசியிலிருந்து செய்யும் மதுவே.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஹலால் சான்றிதழ் அந்தக் கிளைக்கு உண்டா என்று பாருங்கள். சிங்கப்பூர் கிளைக்கு இருப்பதால் டோக்கியோ கிளைக்கும் இருப்பதாக ஆகிவிடாது. ஆஸ்திரேலிய மாடு என்பதாலேயே ஹலால் என்று எண்ணிவிடாதீர்கள். கோபே பள்ளிவாசலிலும் டோக்கியோ பள்ளிவாசலிலும் விசாரித்தால் நம்பகமான கடைகளைச் சொல்வார்கள். மேலதிகாரி விருந்துக்கு அழைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். என் மார்க்கம் இதை விலக்குகிறது என்று முன்னதாகவே பணிவுடன் சொல்லுங்கள். தம் முன்னோரும் ஒரு விலக்கைப் பன்னிரு நூற்றாண்டுகள் சுமந்தவர்கள் என்பதை அறிந்த ஜப்பானியருக்கு அது விளங்காத மொழியன்று.

மலிவும் விரைவும் குற்றமல்ல. உழைப்பாளிக்கு அவை அருட்கொடை. கேளாமல் உண்பதே ஆபத்து. ஹலாலான உணவையும் அதைத் தேடும் பொறுமையையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.