டாக்ஸிக்காரரின் மூக்கு

சரித்திரம் என்றால் ராஜாக்கள் படையெடுத்ததும் பட்டம் கட்டிக்கொண்டதும்தான் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு ரொட்டிக்கும் சரித்திரம் உண்டு. ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் உண்டு. அவை இரண்டும் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கும்கூட உண்டு. அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரவாசி ஒருவர் மாலையில் களைத்துப் போய் வீடு திரும்புகிறார். அடுப்பு மூட்ட மனமில்லை. கைபேசியை எடுத்துப் பக்கத்து உணவுக்கடையிலிருந்து ஒரு சீஸ் ஸ்டேக்கும் ஒரு பொட்டலம் வறுவலும் கொண்டுவரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரக் காரியம். அதற்குப் பின்னால் இருநூறு வருஷத்துக் கதை நிற்கிறது.

சீஸ் ஸ்டேக் என்பது என்ன? மாட்டிறைச்சியைக் காகிதம் போல் மெல்லியதாகச் சீவி, சூடான இரும்புத் தகட்டின் மேல் வெங்காயத்தோடு வதக்கி, சீஸைச் சேர்த்து உருகவிட்டு, ஒரு சாணுக்கு மேல் நீளமுள்ள ரொட்டியைப் பிளந்து உள்ளே திணித்தால் அதுதான். மாட்டிறைச்சி என்றதும் வாசகர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம், நான் யாரையும் தின்னச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன்.

பிலடெல்பியாவின் தெற்குப் பகுதியில் ஒன்பதாம் தெருவை ஒட்டி இத்தாலியர் சந்தை என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தெற்கு இத்தாலியில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறிய குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. காய்கறி, மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி எல்லாம் நடைபாதையிலேயே விற்பார்கள். அந்தச் சந்தையின் கோடியில் பாட் ஒலிவியேரி என்ற இளைஞர் தள்ளுகடை போட்டு, ‘ஹாட் டாக்’ என்னும் இறைச்சிக்குழல் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார். தம்பி ஹாரி கூட இருந்து உதவினார். 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை கவிழ்ந்து, நாடு முழுதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடத் தொடங்கிய சமயம் அது.

1930-ல் ஒரு நாள் பாட்டுக்குத் தாம் விற்கும் பண்டமே அலுத்துப் போயிற்று. இது சகஜம்தான், மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பதில்லை அல்லவா? கசாப்புக் கடையிலிருந்து கொஞ்சம் மாட்டிறைச்சி வரவழைத்து, சீவி, வெங்காயத்தோடு தகட்டில் போட்டார். தம் பசிக்காகத்தான் போட்டார், விற்பனைக்காக அல்ல. அந்த வாசனை தெருவில் போய்க்கொண்டிருந்த டாக்ஸி டிரைவர் ஒருவர் மூக்கில் ஏறியது. வழக்கமாக வருகிறவர். “எனக்கும் அதுவே வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்து வாங்கித் தின்றார். தின்று முடித்ததும், ஹாட் டாக்கை விட்டுவிட்டு இனிமேல் இதையே விற்கும்படி யோசனையும் சொன்னார். அவர் மற்ற டாக்ஸிக்காரர்களிடம் சொல்ல, அவர்கள் தத்தம் சவாரிகளிடம் சொல்ல, பாட்டின் தள்ளுகடை சில வருஷங்களில் நிலையான கடையாகி, ‘ஸ்டேக்குகளின் அரசர்’ என்று பலகை மாட்டிக்கொண்டது.

ஒலிவியேரி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. இதில் பாட்டுக்குப் பெயர் இருக்கிறது, ஹாரிக்குப் பெயர் இருக்கிறது. அந்த டாக்ஸிக்காரருக்கு மட்டும் பெயர் கிடையாது. அவருடைய மூக்கு இல்லாவிட்டால் பாட் தம் மத்தியான்னச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் ஹாட் டாக் விற்கப் போயிருப்பார்.

முதலில் அதில் சீஸே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில காலம் கழித்து, பாட்டின் கிளைக் கடை ஒன்றில் மானேஜராக இருந்த ஜோ லோரென்ஸா என்பவர்தான் புரொவலோன் என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியை அதன்மேல் வைத்தார் என்கிறார்கள். 1950-களில் கிராப்ட் கம்பெனி ‘சீஸ் விஸ்’ என்று ஒரு சரக்கை விற்கத் தொடங்கியது. கரண்டியால் எடுத்து ஊற்றும்படி இருக்கும் மஞ்சள் குழம்பு. இத்தாலியப் பாட்டிமார் யாரும் அதைப் பார்த்து மகிழ்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் வேகத்துக்கு அது வசதி. ரொட்டியில் ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. வரிசையில் நிற்பவர் “விஸ், விட்” என்று இரண்டே வார்த்தை சொன்னால், சீஸ் விஸும் வெங்காயமும் சேர்த்து என்று பொருள். தயங்கி நின்றால் பின்னாலிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இந்த மந்திரம் தெரியாமல் ஒரு பெரிய மனிதர் மாட்டிக்கொண்டார். 2003-ல் ஜனாதிபதி தேர்தல் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஜான் கெர்ரி அந்தக் கடைக்கு வந்து சுவிஸ் சீஸ் வேண்டுமென்று கேட்டுவிட்டார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஏழை பாழைகளின் தீனியைக்கூடச் சரியாகக் கேட்கத் தெரியாத சீமான் என்று கேலி எழுந்தது. அடுத்த வருஷம் அவர் தேர்தலில் தோற்றார். ஆனால் பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜெயித்தார். அந்த ஊர் ஜனங்கள் கேலி செய்வார்களே தவிர, கெட்ட மனசுக்காரர்கள் அல்ல.

இதைவிடக் கசப்பான சங்கதி எதிர்க் கடையில் நடந்தது. 1966-ல் ஜோயி வென்டோ என்பவர் பாட்டின் கடைக்கு நேர் எதிரே ‘ஜீனோ’ என்ற கடையைத் திறந்தார். இரண்டு கடைக்கும் அன்று தொடங்கிய போட்டி இன்னும் ஓயவில்லை. 2005-ல் வென்டோ தம் கடை ஜன்னலில், இது அமெரிக்கா, ஆங்கிலத்தில் பேசிக் கேளுங்கள் என்ற கருத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டினார். அதற்குள் அந்தப் பேட்டையில் மெக்ஸிகோக்காரர்களும் வியட்நாமியரும் குடியேறிக் கடைகள் வைத்திருந்தார்கள். ஊர் இரண்டுபட்டது, நகரத்தின் மனித உறவுக் கமிஷனில் வழக்கு நடந்தது. அறிவிப்பு சட்ட விரோதம் அல்ல என்று 2008-ல் தீர்ப்பாயிற்று. வென்டோ 2011-ல் காலமானார். அறிவிப்பு 2016-ல் அகற்றப்பட்டது. அவருடைய பாட்டனாரும் பாட்டியாரும் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் முதன்முதலில் அந்தத் தெருவில் இறங்கியபோது எந்த மொழியில் ரொட்டி கேட்டிருப்பார்கள்?

போகட்டும், வறுவலுக்கு வருவோம். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரக்கு. அதை நீளவாக்கில் அரிந்து எண்ணெயில் பொரித்தது பிரெஞ்சுக்காரரா, பெல்ஜியக்காரரா என்ற சண்டையில் நாம் தலையிட வேண்டாம். அமெரிக்காவில் அதற்குப் ‘பிரெஞ்சு வறுவல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்க மேஜைக்கு அது வந்ததைப் பேசும்போதெல்லாம் தாமஸ் ஜெபர்ஸன் பெயர் அடிபடும். பச்சை உருளைக்கிழங்கைச் சிறு வில்லைகளாக நறுக்கிப் பொரிப்பது பற்றிய குறிப்பு ஒன்று பிரெஞ்சு மொழியில் அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. ஜெபர்ஸன் 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியது பிலடெல்பியாவில், ஒரு வாடகை வீட்டில். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று உலகத்துக்குச் சொன்ன பிரகடனம் அது.

ஆனால் ஜெபர்ஸன் கரண்டி பிடித்தவர் அல்ல. பிடித்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெபர்ஸனின் அடிமை. அடிமை மட்டுமல்ல, ஜெபர்ஸனின் மனைவிக்கு ஒரே தகப்பனுக்குப் பிறந்த சகோதரர். தாய்தான் அடிமைப் பெண். 1784-ல் ஜெபர்ஸன் பாரிஸுக்குத் தூது சென்றபோது, பத்தொன்பது வயதான ஜேம்ஸையும் சமையல் கற்பிப்பதற்காகவே அழைத்துச் சென்றார். சில வருஷங்களில் ஜேம்ஸ் அந்த மாளிகையின் தலைமைச் சமையல்காரர் ஆனார், சம்பளமும் வாங்கினார். பிரெஞ்சு மண்ணில் சட்டப்படி விடுதலை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, 1789-ல் எஜமானரோடு திரும்பிவிட்டார். தாயும் உறவினரும் வர்ஜீனியாவில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதைப் பற்றி யாரும் பேச வேண்டும்.

பிறகு ஜெபர்ஸன் வெளிநாட்டு விவகார மந்திரியாகப் பிலடெல்பியாவில் குடியிருந்தார். பென்சில்வேனியாவின் 1780-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினால் விடுதலை கோர வழி இருந்தது. ஜனாதிபதி வாஷிங்டன் தம் அடிமைகளை ஆறு மாதம் நிரம்புமுன் எல்லைக்கு அப்பால் அனுப்பி அழைத்துக்கொண்டிருந்தார்! அந்த நகரத்தில்தான் 1793 செப்டம்பர் 15-ல் ஜெபர்ஸன் ஜேம்ஸுக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார். சமையல் கற்பிக்கத் தாம் பெரும் பணம் செலவழித்திருப்பதால், ஜேம்ஸ் வர்ஜீனியாவுக்கு வந்து இன்னொருவருக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த பிறகு விடுதலை செய்வதாக வாக்கு. ஜேம்ஸ் தம் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். தாம் விடுதலை பெறத் தம்பியை அடுப்படியில் நிறுத்த வேண்டியிருந்தது. 1796-ல் விடுதலை கிடைத்தது. புறப்படுமுன் சமையலறைச் சாமான்களுக்குத் தம் கையாலேயே ஒரு ஜாபிதா எழுதிவைத்துவிட்டுப் போனார். 1801-ல், ஜெபர்ஸன் ஜனாதிபதியான அதே வருஷத்தில், ஜேம்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

அந்த வில்லை வறுவல் குறிப்பு ஜேம்ஸிடமிருந்து வந்ததா, பிற்பாடு ஜனாதிபதி மாளிகையில் சமைத்த பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்கள் வாதாடுகிறார்கள். ஜெபர்ஸனிடமிருந்தே வந்தது என்று சொல்வாரில்லை. இருந்தும் பெயர் ஜெபர்ஸனுக்குத்தான்.

இனி, சமைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். இது ஏதோ கைபேசி வந்த பிறகு உண்டானதென்று நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே பிலடெல்பியாவில் ராபர்ட் போகிள் என்ற கறுப்பர், பணக்காரர் வீடுகளுக்கு விருந்தும் பரிசாரகர்களும் ஏற்பாடு செய்யும் தொழிலைப் பெரிதாக நடத்தினார். கல்யாணத்துக்கும் அவர்தான், சாவுக்கும் அவர்தான். 1829-ல், நாட்டின் பெரிய பாங்கித் தலைவரான நிக்கலஸ் பிடில் அவரைப் பற்றி வேடிக்கையாக ஒரு பாட்டே கட்டினார். போகிளுக்குப் பின் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த பீட்டர் அகஸ்டின். பின்னர் அடிமையாயிருந்து உயர்ந்த தாமஸ் டார்ஸி, ஹென்றி ஜோன்ஸ், ஹென்றி மின்டன். டூபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1899-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நகரத்தில் கறுப்பருக்கு எதிராகக் கலகங்கள் நடந்த காலத்திலேயே, நகரத்தின் நாக்கு அவர்கள் கையில் இருந்தது. பிறகு பெரிய ஹோட்டல்களும் பெரிய மூலதனமும் வந்தன; அவர்களுடைய ஆதிக்கம் தேய்ந்தது.

1876-ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் கிரகாம் பெல் தம் டெலிபோனைக் காட்டிப் பிரேசில் சக்கரவர்த்தியைத் திகைக்க வைத்தார். அதே நகரத்தில் 1902-ல் துவாரத்தில் காசு போட்டால் கண்ணாடிக் கதவு திறந்து பட்சணம் கொடுக்கும் ‘ஆட்டமாட்’ திறக்கப்பட்டது. பரிமாறுகிற ஆளையே காணாமல் சாப்பிடுவதில் மனிதனுக்கு என்ன ஆனந்தமோ!

இன்றைய கைபேசிக் கம்பெனிகளில் கிரப்ஹப் 2004-ல் சிகாகோவிலும், டோர்டாஷ் 2013-ல் கலிபோர்னியாவிலும் பிறந்தன. டோர்டாஷைத் தொடங்கிய மாணவர்கள் முதலில் தாங்களே காரில் ஏறி ஆகாரம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைக்காரரிடம் இப்படிப்பட்ட கம்பெனிகள் கேட்கும் தரகு விலையில் 30 சதவிகிதம் வரை போனதுண்டு. கொள்ளைநோய்க் காலத்தில், 2020-ல், சான் பிரான்சிஸ்கோ நகரம் 15 சதவிகிதத்துக்கு மேல் கூடாதென்று கட்டளை போட்டது.

தரகு கொடுத்தும் வறுவல் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவருவதில்லை. சூடான எண்ணெய் கிழங்கின் மேற்புறத்து ஈரத்தை ஆவியாக விரட்டுவதால்தான் மொறுமொறுப்பு உண்டாகிறது. பொட்டலத்தை மூடினால் உள்ளிருக்கும் ஆவி வெளியே போக வழியின்றி மறுபடி அதன்மேலேயே படிகிறது. ரொட்டிக்கும் இதே கதிதான். சில கடைக்காரர்கள் பெட்டியில் துளை போட்டு அனுப்புகிறார்கள். சூடு போகும், மொறுமொறுப்பு கொஞ்சம் நிற்கும். எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியதுதான்.

வறுவல் தளர்ந்திருந்தால் கோபம் கொண்டுவந்தவர் மேல் திரும்புகிறது, இனாம் குறைகிறது. அந்த இனாமிலும் ஒரு விவகாரம் நடந்தது. டோர்டாஷ் ஒவ்வொரு நடைக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஓட்டுநருக்கு உறுதி சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் கொடுத்த இனாமை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொண்டது. இனாம் கூடினால் கம்பெனி தன் கையிலிருந்து கொடுப்பது குறையும். கொடுத்தவர், வாசலில் நின்றவருக்குத்தான் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2019-ல் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்திய பிறகு கம்பெனி முறையை மாற்றிற்று. வாஷிங்டன் நகர அரசாங்க வக்கீல் தொடுத்த வழக்கு 2020-ல் 25 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. அதில் 15 லட்சம் ஓட்டுநர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். மீதி நகர கஜானாவுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் போயிற்று.