ஷிஷ்மரெஃப் வாக்கெடுப்பு: ஒரு மறுபரிசீலனை

கடல் அரித்துவரும் அலாஸ்காவின் ஷிஷ்மரெஃப் கிராமத்தார், ஊரைப் பெயர்ப்பதா, கரையைக் காத்துக்கொண்டு இப்போதுள்ள தீவிலேயே நிலைப்பதா என்று 2016 ஆகஸ்டில் வாக்களித்தபோது, பெயர்வதற்கு 89 பேரும் நிலைப்பதற்கு 78 பேரும் இசைந்தனர் என்பதும், அதன் பின்னரும் ஊர் அவ்விடத்திலேயே இருக்கிறது என்பதும் துறையினர் அறிந்தவை. இவ்விரண்டையும் முடிச்சிட்டு, மண்பற்றே அந்த ஜனங்களைத் தடுத்து நிறுத்திற்று என்றும், ஐக்கியம் குன்றிய சமூகம் தானே முன்னின்று நடத்தும் குடிபெயர்வு தோற்றே தீரும் என்றும் கூறும் வியாக்கியானம் ஒன்று பரவலாக வழங்கி வருகிறது. சுமக்க முடியாத பாரத்தை அவ்வியாக்கியானம் அந்த வாக்கெண்ணிக்கையின் மேல் ஏற்றுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

இதே ஊர் 2002இலும் வாக்களித்தது. அப்போது பெயர்வதற்கு 161 பேரும் எதிராக 20 பேரும் நின்றனர். பதினான்கு ஆண்டுகளில் ஒரு பக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, மறுபக்கம் நான்கு மடங்கை நெருங்கியதற்கு மண்பற்றே காரணமானால், அப்பற்று 2002இல் எங்கே உறங்கிற்று என்ற கேள்விக்கு விடை வேண்டும். பற்று திடீரென்று பெருகுவதன்று, பெருகியவை வேறு. வட கரையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை பாறைத் தடுப்பு அமைத்தது. ஊரைப் பெயர்க்க ஏறக்குறைய 18 கோடி டாலர் ஆகும் என்ற மதிப்பீடு வந்தது. அத்தொகையைத் தரவேண்டிய கடமை எந்த ஸ்தாபனத்துக்கும் சட்டப்படி விதிக்கப்படவில்லை. 'போகப்போகும் ஊர்' என்று பெயர் வாங்கிவிட்ட கிராமத்தின் பள்ளிக்கூடத்துக்கும் குடிநீருக்கும் விமானத் தளத்துக்கும் பணம் செலவிட இலாகாக்கள் தயங்கும் என்பது அப்பிரதேசத்து மக்கள் அனுபவத்தில் கண்டது. ஆகவே, தேதியும் நிதியும் குறிக்கப்படாத பெயர்ச்சிக்கு இசைவதென்றால் கையிலிருப்பதையும் இழக்க நேரலாம் என்று அஞ்சியவர் நிலைப்பதற்கு வாக்களித்திருந்தால், அதனைப் பற்று என்பதைவிட விவேகம் என்பதே பொருந்தும்.

வாக்குச் சீட்டில் காரணம் எழுதப்படுவதில்லை. 78 பேரின் உள்ளத்தையும் அறிந்தவனாக நான் பேசத் துணியேன். ஆயினும் நியூட்டாக் கிராமத்தை அருகில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் பெரிதும் விலகுகிறது. நிங்லிக் நதி அரித்துவந்த அந்த யூப்பிக் கிராமத்தில் பெயர்வதில் உறுதி இருந்தது; 1994இல் ஏற்பாடு தொடங்கியது; நெல்சன் தீவின் மெர்தார்விக் நிலத்தைப் பரிவர்த்தனையாகப் பெற அமெரிக்கக் காங்கிரஸ் 2003இல் சட்டமும் இயற்றியது. அப்படியிருந்தும் முதற் குடும்பங்கள் அங்கே குடியேறியது 2019இல். எஞ்சியோர் போய்ச் சேர்ந்தது 2024இல். ஐக்கியமும் நிலமும் வாய்த்த ஊருக்கே முப்பது ஆண்டுகள் ஆயின என்றால், தடை ஜனங்களின் மனத்தில் இல்லை. திடீர் விபத்துக்கு உதவி தந்து, இடிந்ததை இடிந்த இடத்திலேயே கட்டச் சொல்லும் முறையில் வகுக்கப்பட்ட அந்நாட்டு நிவாரணச் சட்டத்துக்குள், கடற்பனி தாமதித்து உறைவதாலும் உறைமண் இளகுவதாலும் ஆண்டாண்டாகக் கரையும் ஊர் அடங்குவதில்லை.

ஏறத்தாழ அறுநூறு பேர் வாழும் ஊரில் 167 வாக்குகளே விழுந்தன என்பது ஓர் ஆட்சேபம். அது எதிர்த்தரப்பின் முடிவையே மேலும் பலவீனமாக்குகிறது. மற்றோர் ஆட்சேபம், கடலோடு ஷிஷ்மரெஃபின் இனூப்பியாட் மக்களுக்குள்ள பந்தத்தை நான் மறுக்கிறேன் என்பது. மறுக்கவில்லை. தாடிக் கடல்நாயின் இறைச்சியைக் கீறிக் கரையோரப் பரண்களில் உலர்த்தும் வாழ்க்கை, புது ஊர் எங்கே அமையவேண்டும் என்பதை நிர்ணயிக்கும். ஊர் பெயரலாகாது என்று விதிக்காது. பருவந்தோறும் முகாம் மாற்றி வாழ்ந்த குடும்பங்களை ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் நிறுத்தியது, அரசாங்கம் கொணர்ந்த பள்ளிக்கூடம் என்பதும் நினைக்கத் தக்கது.

எந்த நிலம், யாருடைய பணம், எந்த ஆண்டு என்று அரசு எழுத்தில் கட்டுப்படாமலும், அதுவரை பழைய ஊரின் பராமரிப்பு நிற்காது என்ற உறுதி தராமலும் நடத்தப்படும் வாக்கெடுப்பை ஜனங்களின் சித்தத்துக்குப் பிரமாணமாகக் காட்டுவதை ஆய்வாளர் கைவிட வேண்டும். சமூகத்தின் தலைமையைப் போற்றுவதாகச் சொல்லி, அரசின் பொறுப்பை அச்சமூகத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று.