கணவாய்க் காற்றும் பொன்னிறக் கழுகும்

காற்று ஐம்பெரும் பூதங்களுள் ஒன்று. அதனைப் பணிகொள்ள மனிதன் நெடுங்காலத்திற்கு முன்பே கற்றுக்கொண்டான். பருவக்காற்றின் போக்கறிந்து பாய்விரித்த தமிழ் வணிகர் வங்கக் கடலைக் கடந்து கடாரத்தை அடைந்ததை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றனர். ஐரோப்பியர் அதே காற்றைக் கொண்டு மாவு அரைத்தனர். தாழ்நிலங்களிலிருந்து நீரை வெளியேற்றினர். 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் பெரியதொரு காற்றாலையை எழுப்பி, அதனால் தம் இல்லத்திற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றார். 1891இல் டென்மார்க் நாட்டின் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் போல் லா கூர் என்பவர் காற்றிலிருந்து மின்னாக்கும் ஆய்வைத் தொடங்கினார். அவர் அவ்வூர் மக்கள் கல்லூரியின் ஆசிரியர் என்பது ஆசிரியப் பெருமக்கள் மகிழ்வோடு நினைவிற்கொள்ளத் தக்கது.

புகையில்லை, சாம்பலில்லை, தோண்டி எடுக்க வேண்டிய சுரங்கமில்லை. இத்தகைய தூய ஆற்றலால் யாருக்குத் தீங்கு வந்துவிடப் போகிறது என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எவ்வாறு பொய்த்தது, பின்னர் அத்தவறு எவ்வாறு ஓரளவு திருத்தப்பட்டது என்பதைக் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாய் நமக்குக் கற்பிக்கின்றது.

எண்ணெய் முடையும் காற்றின் மீட்சியும்

1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தன. பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்த விலை, சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெயையே நம்பி வாழ்ந்த நாடுகள் திகைத்தன. மறந்துபோன காற்றை மீண்டும் நினைத்தன. சிறு உற்பத்தியாளரிடமிருந்தும் மின்கழகங்கள் மின்சாரம் வாங்கியாக வேண்டும் என்று 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. காற்றாலை அமைப்போருக்கு நடுவணரசும் கலிபோர்னிய மாநில அரசும் தாராளமான வரிச்சலுகை வழங்கின.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிற்குக் கிழக்கே, புல் மூடிய குன்றுகளுக்கிடையே ஆல்டமாண்ட் கணவாய் அமைந்துள்ளது. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெப்பமுற, அங்குள்ள காற்று இலேசாகி மேலெழுகின்றது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த கடற்காற்று இக்கணவாய் வழியே விரைந்து பாய்கின்றது. காற்றாலைக்கு இதனினும் ஏற்ற இடம் வேறு எது? 1981 முதல் அங்கே ஆலைகள் எழுந்தன. ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. மாடு மேய்த்துப் பிழைத்த நில உரிமையாளருக்கு வாடகை கிடைத்தது. முதலிட்டோருக்கு வரி குறைந்தது. ஆலை நெடுங்காலம் உழைக்குமா என்று ஆராய்ந்தவரினும், சலுகைக் காலம் முடிவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று விரைந்தவரே மிகுதி.

அவ்விரைவில் ஒரு வினா மட்டும் கேட்கப்படவில்லை. மனிதர் வருமுன்னர் அக்காற்றில் யார் பறந்துகொண்டிருந்தனர்?

கழுகுகளின் நாடு

ஆல்டமாண்ட்டைச் சூழ்ந்த மலைப்பகுதி, பொன்னிறக் கழுகுகள் மிக நெருக்கமாகக் கூடுகட்டி வாழும் நிலங்களுள் ஒன்று. இரண்டு மீட்டர் அளவிற்குச் சிறகு விரிக்கும் அப்பறவை, குன்றின் சரிவில் மோதி மேலெழும் காற்றைத் தாங்கலாகக் கொண்டு, சிறகசைக்காமலே நெடும்பொழுது மிதக்க வல்லது. ஆலை அமைப்போர் நாடிய அதே காற்றைத்தான் கழுகும் நாடியது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தது தற்செயல் அன்று.

கழுகுக்கு அங்கே உணவும் இருந்தது. மாடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக்கிய நிலத்தில் தரை அணில்கள் பெருகின. ஆலைகளின் அடியில் மண் கிளறப்பட்ட இடங்களிலும் அவை வளை தோண்டின. ஆகவே கழுகு தன் இரையைத் தேடி ஆலைகளின் நடுவிலேயே தாழப் பறந்தது. பழைய ஆலைகள் உயரம் குறைந்தவை. அவற்றின் அலகுகள் கழுகு வேட்டையாடும் உயரத்திலேயே சுழன்றன. பல ஆலைகளின் கோபுரங்கள் இரும்புச் சட்டங்களைப் பின்னி அமைக்கப்பட்டவை. பறவை வந்தமர்வதற்கு அவை வாய்ப்பளித்தன.

கூரிய பார்வையுடைய பறவை எவ்வாறு மோதியது என்று மாணவர் வினவக்கூடும். வேட்டையாடும் பறவையின் கவனம் கீழே தரையில் நிலைத்திருக்கின்றது. மேலும், விரைந்து சுழலும் அலகின் நுனி அருகில் வரும்போது, கண்ணிற்குத் தெளிவான உருவாக அன்றி மங்கிய திரையாகவே தோன்றும் என்று பார்வை ஆய்வாளர் விளக்குகின்றனர். கண் கூர்மையாக இருந்தும் காட்சி ஏமாற்றிவிடுகின்றது.

1994க்கும் 2000க்கும் இடையே, வானொலிக் கருவி பொருத்தப்பட்ட 257 கழுகுகளை ஆய்வாளர் பின்தொடர்ந்தனர். அக்காலத்துள் இறந்ததாக அறியப்பட்டவை 100. அவற்றுள் 42 கழுகுகளேனும் ஆலைகளின் அலகுபட்டு மாண்டவை. 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆண்டுதோறும் 75 முதல் 116 பொன்னிறக் கழுகுகள் வரை அங்கே இறப்பதாக மதிப்பிட்டது. செவ்வால் பருந்துகளும், சிறு வல்லூறுகளும், வளையில் வாழும் ஆந்தைகளும் அவற்றோடு மடிந்தன.

எண்ணிக்கை மயக்கம்

காற்றாலையைவிடப் பூனைகள் கொல்லும் பறவைகள் மிகப் பலவாயிற்றே என்பார் உளர். உண்மையே. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் கொல்லும் பறவைகள் நூறு கோடிக்கு மேற்பட்டவை என்று 2013இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. காற்றாலைகளால் இறப்பன சில இலட்சம் அளவினவே. ஆயினும் இவ்வொப்பீடு நம்மை மயக்கிவிடக் கூடாது. பூனை பெரும்பாலும் பிடிப்பது விரைவில் பெருகும் சிறு பறவைகளை. பொன்னிறக் கழுகோ நான்கைந்து வயதான பின்னரே இணைசேரும். பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். அவற்றுள்ளும் ஒரு குஞ்சு மட்டுமே பிழைப்பது வழக்கம். ஆயிரம் குருவிகளின் இழப்பை இயற்கை ஓராண்டில் ஈடுசெய்யக் கூடும். நூறு கழுகுகளின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். தலைகளை எண்ணுவது மட்டும் கணக்கன்று. எவற்றின் தலைகள் என்பதையும் எண்ண வேண்டும்.

தீங்கு இறப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. மகாராட்டிரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சால்கேவாடி மேட்டுநிலத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. காற்றாலைகள் நிற்கும் பகுதிகளில் வேட்டைப் பறவைகள், அவை இல்லாப் பகுதிகளில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குறைந்திருந்தன. பகை குறைந்ததால் பல்லியினங்கள் பெருகின. பெருகியமையால் இரைக்குப் போட்டி மிகுந்து, அவற்றின் உடல்நலமும் நடத்தையும் மாறின. மேலே ஒரு பறவை விலகியதன் விளைவு, தரையில் ஊரும் பல்லியின் உடலில் எழுதப்பட்டுள்ளது.

திருத்தத்தின் வரலாறு

ஆல்டமாண்ட்டின் கதை இழப்போடு முடியவில்லை. பறவைக் காப்பு அமைப்புகள் வழக்குமன்றம் சென்றன. வேட்டைப் பறவைகளின் இறப்பைப் பாதியாகக் குறைப்பது என்று 2007இல் உடன்பாடு ஏற்பட்டது. கழுகுகள் மிகுதியாக வரும் குளிர்காலத்தில் ஆலைகளை நிறுத்திவைக்கும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. கணவாயில் காற்று வலுப்பது கோடையில் ஆதலால், இதனால் நேர்ந்த மின்னிழப்பு பெரிதன்று.

பின்னர்ப் பழைய சிற்றாலைகளை அகற்றி, எண்ணிக்கையிற் குறைந்த பேராலைகளை நிறுவினர். ஓரிடத்தில் 2006இல் 179 ஆலைகளின் இடத்தை 38 ஆலைகள் பெற்றன. 2015இல் மற்றோரிடத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவற்றின் பணியை 48 ஆலைகள் ஏற்றன. எந்தச் சரிவில், எந்த முகட்டில் கழுகுகள் பறக்கின்றன என்பதை ஆராய்ந்து இடம் தேர்ந்தனர். ஆயினும் கழுகுகளின் இறப்பு முற்றாக நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் செய்த பிழையைப் பிற்காலத் திருத்தம் முழுதும் துடைத்துவிடுவதில்லை.

பிற நாடுகளும் கற்றுக்கொண்டன. தென் ஸ்பெயினில், பிணந்தின்னிக் கழுகுகள் நெருங்குவதைக் காவலர் கண்டறிந்து குறிப்பிட்ட ஆலைகளை மட்டும் நிறுத்தினர். கழுகுகளின் இறப்பு பாதியாயிற்று. மின்னாக்கத்தில் குறைந்தது ஆண்டிற்கு 0.07 விழுக்காடே. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு ஆலைகளின் மூன்று அலகுகளுள் ஒன்றற்குக் கருவண்ணம் பூசினர். அங்கே பறவைகளின் இறப்பு ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைந்ததென 2020இல் அறிவித்தனர். அமெரிக்காவில், காற்று மெலிந்த இலையுதிர்கால இரவுகளிலேயே வௌவால்கள் மிகுதியாக இறப்பதை அறிந்து, அவ்வேளைகளில் ஆலைகளை ஓய்வில் வைத்தனர். அவ்வாறு செய்த ஓரிடத்தில் இறப்பு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேண்டியது முன்கூட்டியே பார்க்கும் பொறுமை ஒன்றே.

கரியும் எண்ணெயும் எரிவதால் உலகம் வெப்பமுறுகின்றது. அதனாலும் பறவைகள் தம் வாழிடத்தை இழக்கின்றன. ஆகவே காற்றாலை வேண்டா என்பது நம் முடிவாகாது. நோக்கம் நல்லதாயின் வழியை ஆராய வேண்டியதில்லை என்னும் நம்பிக்கையையே நாம் கைவிட வேண்டும். ஆல்டமாண்ட்டில் ஆலை நட்டவர் கொடியவர் அல்லர். பலர் உலகிற்கு நன்மை செய்வதாகவே எண்ணினர். ஆனால் அவர்கள் காற்றை அளந்தனர், வானை நோக்கவில்லை. கணவாய்க்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒருவர் குன்றின்மீது அமர்ந்து பறவைகளை எண்ணியிருந்தால், பின்னாளில் இறந்த கழுகுகளை எண்ணும் வேலை பெரிதும் குறைந்திருக்கும்.