செயலா, கருத்தா? கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை, 1916

முன்னுரை

சுபாஷ் சந்திர போஸ் 1916ஆம் ஆண்டில் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட நிகழ்வு நாடறிந்தது. பின்னாளில் அவர் பெற்ற புகழின் ஒளியில் அது இளமைக்கால வீரச்செயலாகவே நினைவுகூரப்படுகிறது. அதனை விதி, குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை என்னும் படிநிலைகளில் வைத்து ஓர் ஒழுங்கு நடவடிக்கையாக நோக்கின் வேறொரு செய்தி புலப்படும். செயலை விசாரிக்க அமைந்த முறை, இறுதியில் மாணவரின் கருத்தை விசாரித்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதன் விளைவு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுற்றறிக்கைகளின் காலம்

கல்லூரி ஒழுங்கு என்பது வகுப்பறை, தேர்வு, விடுதி ஆகியவற்றின் எல்லைக்குள் அடங்கிய ஒன்றாகவே முதலில் கருதப்பட்டது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது அவ்வெல்லை மாறியது. 1905 அக்டோபரில் வங்க அரசின் சார்பில் கார்லைல் விடுத்த சுற்றறிக்கை, மாணவர்கள் அரசியல் கூட்டங்களிலும் மறியல்களிலும் கலந்துகொள்வதைத் தடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள்மீது சுமத்தியது. தவறும் நிறுவனங்கள் மானியத்தையும், உதவித்தொகைக்குப் போட்டியிடும் உரிமையையும் இழக்க நேரிடும் என்று அது எச்சரித்தது.

இங்கு இரண்டு மாற்றங்களைக் காணலாம். ஒன்று, கல்லூரிக்கு வெளியே மாணவர் எங்கு நின்றார் என்பதும் ஒழுங்கின் பொருளாயிற்று. மற்றொன்று, மாணவரின் நடத்தைக்கு நிறுவனமே பிணையாக்கப்பட்டது. இதனால் மாணவர்க்கும் அரசுக்கும் இடையே நின்ற ஆசிரியர், அரசின் கண்காணிப்பாளராக மாறும் நெருக்கடிக்கு ஆளானார்.

எதிர்வினையும் உடனே எழுந்தது. சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம் 1905 நவம்பரில் தோன்றியது. ரங்பூரில் தண்டிக்கப்பட்ட மாணவர்க்கென அதே மாதத்தில் தேசியப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1906இல் தேசியக் கல்விக் கழகம் உருவாயிற்று. சென்னை மாகாணமும் இதற்கு விலக்கன்று. 1907இல் பிபின் சந்திர பாலின் சுற்றுப்பயணத்தை ஒட்டி, அன்று இம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த ராஜமுந்திரியில் மாணவர்கள் 'வந்தே மாதரம்' சின்னம் அணிந்தனர். அதன் தொடர்ச்சியாக காடிச்செர்ல ஹரிசர்வோத்தம ராவ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். மார்பில் அணிந்த சின்னமே ஒழுங்கு மீறலாகக் கொள்ளப்பட்டமை நோக்கத்தக்கது.

1916: நிகழ்வும் விசாரணையும்

பிரெசிடென்சி கல்லூரியில் வரலாறு கற்பித்த ஓட்டன், தாழ்வாரத்தில் சென்ற மாணவர்களைக் கைந்நீட்டித் தள்ளினார் என்னும் முறையீடு 1916 ஜனவரியில் எழுந்தது. கல்லூரியில் மாணவர் ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. அதில் தம் வகுப்பின் பிரதிநிதியாக இருந்த போஸ், முறையீட்டை முதல்வர் ஜேம்ஸிடம் கொண்டுசென்றார். தீர்வு கிட்டாமையால் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவர்கள்மீது அபராதம் விதிக்கப்பட்டது. ஓட்டனுக்கும் மாணவர்க்கும் இடையே இணக்கம் ஏற்பட்ட பின்னரும் அவ்வபராதம் நீக்கப்படவில்லை. குழு முறையீட்டைக் கேட்கும் இடமாக இருந்ததேயன்றி, அதைத் தீர்க்கும் அதிகாரம் உடையதாக இல்லை.

பிப்ரவரியில் இரண்டாம் முறையீடு எழுந்தபோது மாணவர் சிலர் ஓட்டனைத் தாக்கினர். அரசு கல்லூரியை மூடி, அசுதோஷ் முகர்ஜி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. கல்லூரி ஊழியர் ஒருவர் போஸை அடையாளம் காட்டியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். எனவே குற்றச்சாட்டு முற்றிலும் அடிப்படையற்றது எனக் கூறவியலாது. போஸும் தாம் நேரில் கண்ட சாட்சி என்பதைத் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்.

ஆயினும் அத்தன்வரலாறு தரும் வேறொரு செய்தியே இங்கு முதன்மையானது. தாக்குதல் நியாயமானதா என்று குழு தம்மை நேரடியாக வினவியது என்கிறார் போஸ். நியாயமன்று, ஆனால் மாணவர்கள் கடுமையாகத் தூண்டப்பட்டிருந்தனர் என்பது அவர் அளித்த விடை. நிபந்தனையின்றிக் கண்டித்திருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும் என்று சிலர் கருதினர். இந்நூல் நிகழ்வுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1937இல் எழுதப்பட்டது. எழுதியவரோ வழக்கின் ஒரு தரப்பினர். இக்குறைகளைக் கருதியே அச்சான்றை எடையிட வேண்டும். எனினும், தமக்குத் துணையாகாத விடையை அவர் மறைக்காமல் பதிந்திருப்பது அச்சான்றின் மதிப்பைக் கூட்டுகிறது.

தண்டனையின் நீட்சி

கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட போஸ், வேறு கல்லூரியில் பயில அனுமதி கோரியபோது பல்கலைக்கழகம் மறுத்தது. ஒரு கல்லூரியின் நடவடிக்கை இவ்வாறு பல்கலைக்கழகம் முழுவதிலிருந்தும் விலக்கும் தண்டனையாக விரிந்தது. 1917இல் தடை நீங்கி, ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அதன் முதல்வர் அர்குஹார்ட் அவரை ஏற்க முன்வந்ததே இதற்கு வழிவகுத்தது. தண்டனையின் கால அளவை விதி வரையறுக்காதவிடத்து, அது தனிமனிதரின் மனப்பாங்கைச் சார்ந்ததாகிறது.

முடிவுரை

போஸின் தரப்பு கேட்கப்படவில்லை எனக் கூறவியலாது. அவர் குழுவின்முன் பேசினார். ஆனால் அவர் பதிவின்படி, அவரிடம் கேட்கப்பட்டது அவர் செய்ததைப் பற்றியதன்று, எண்ணியதைப் பற்றியது. 1905இன் சுற்றறிக்கை மாணவரின் சார்பையே ஒழுங்கின் பொருளாக்கியிருந்தமையால் அவ்வினா எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை போலும்.

விடுதலைக்குப் பின், உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான 1962ஆம் ஆண்டு வழக்கில், தேர்வு முறைகேட்டுக்காகத் தண்டிக்குமுன் மாணவரின் தரப்பைக் கேட்டல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது இன்றியமையாத பாதுகாப்பு. எனினும் 1916இன் நிகழ்வு அதற்கு மேலும் ஒன்றை உணர்த்துகிறது. மாணவரைக் கேட்டல் மட்டும் போதாது. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதும் விதியால் வரையறுக்கப்பட வேண்டும். 'நன்னடத்தை', 'கல்லூரியின் நற்பெயர்' போன்ற சொற்கள் பொருள் வரையறையின்றி விதிகளில் இடம்பெறும்போது, செயலுக்கான விசாரணை கருத்துக்கான விசாரணையாக மாறும் வாயில் திறந்தே இருக்கிறது.