ஊசி ஆலையில் தொடங்கிய புல்லட்

குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் காதில் விழுவது புல்லட் சத்தம். பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கே ஒரு பக்குவம் வேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனைத் துளி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவசரக்காரரின் காலை அது திருப்பி அடிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். எல்லாம் இங்கிலாந்து வழக்கம்.

அதன் பூர்வீகம் ஓர் ஊசி ஆலை. இங்கிலாந்தில் தையல் ஊசிக்குப் பேர்போன ரெடிட்ச் வட்டாரத்தில் ஜார்ஜ் டவுன்சென்ட் நடத்திய அந்த ஆலை, பிறகு சைக்கிள் பாகங்களுக்கு மாறியது. 1891-ல் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் அதை வாங்கினார்கள். என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததில் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் வந்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல். புல்லட் என்ற பெயர் 1932-ல்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அவற்றை இறக்குமதி செய்து கொடுத்தது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல் அந்த நிறுவனமும் ரெடிட்ச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956-ல் அங்கிருந்து வெளிவந்தவை 163 வண்டிகள்தான். அவையும் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டியவை.

கதையின் உயிர்நாடி அடுத்த ஆண்டில் இருக்கிறது. 1957-ல் பாகங்களை வார்க்கவும் கடையவும் வேண்டிய கருவிகளையே என்ஃபீல்டு இந்தியா வாங்கிக்கொண்டது. இதன் அருமை எங்கள் ஊரில் கூலிக்கு நெய்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பாவு கொடுக்கிறவர் கையை விரித்தால் அன்றைக்கே தறி நின்றுவிடும் அல்லவா? பாகங்களை மட்டும் தருவித்துக்கொண்டிருந்தால் திருவொற்றியூருக்கும் அந்த நிலைதான் வந்திருக்கும். சில ஆண்டுகளில் முழு வண்டியையும் அங்கேயே செய்யும் திறமை தொழிலாளர்களுக்குக் கைவந்தது. புல்லட்டின் பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்கே சேர வேண்டும் என்பேன்.

ஏனென்றால் 1967-ல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றது. திருவொற்றியூரில் மட்டும் வேலை நிற்கவில்லை. 1977-ல் அங்கே செய்த புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின.